வாய் வைத்த சோறு

புரட்டாசி அமாவாசைப் படையலுக்கு ஆக்குகிற சோற்றில் யாரும் வாய் வைக்கக் கூடாது. பச்சைக் குழந்தை அழுதால்கூட ஒரு வடையைப் பிட்டுக் கொடுக்கக் கூடாது. செத்தவர்கள் வந்து முதலில் தின்ன வேண்டும், அவர்கள் தின்ற பிறகுதான் இருப்பவர்கள். அதற்கு முன்னால் யாராவது ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டால் அது எச்சில் சோறு. எச்சில் சோறு செத்தவர்களுக்குப் போய்ச் சேராது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எட்டு வருஷம் வாய் வைத்தேன்.

என் பெயர் ராஜாம்பாள். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஊர். மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறேன், ஒன்றும் குறைந்துவிடாது. தெய்வசிகாமணி. பெயரில் இருக்கிற தெய்வத்தை ஆளிடம் தேடிப் பார்த்துக் களைத்துப் போனவள் நான். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அஞ்சலை, அடுத்தவன் பிச்சைமுத்து.

அஞ்சலைக்கு இருபது வயசு ஆனபோது, தை மாதம் எங்கள் கரும்பு வெட்டுக்கு மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கல்வராயன் மலை எங்கள் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும், ஆனால் மலைக்காரர்கள் எங்களுக்கு வேற ஆட்கள். வேலைக்கு வருவார்கள், களத்தில் படுப்பார்கள், போய்விடுவார்கள். அந்த வெட்டுக் கூட்டத்தில் சடையன் என்று ஒருத்தன். அஞ்சலைதான் தினமும் கூழ் கொண்டு போனாள். கூழ் கொண்டு போகிறவள் கொஞ்சம் லேட்டாகத் திரும்பினால் என்ன நினைப்பீர்கள்? வெயிலுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். என்னை மாதிரி ஒரு மக்கு இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டாள். வெட்டு முடிந்து ஆட்கள் மலை ஏறினார்கள். மூன்றாம் நாள் இவளும் ஏறிவிட்டாள்.

வீட்டுக்காரர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேர் பிடித்து நிறுத்தியிருப்பார்கள், கோபம் அதோடு வடிந்திருக்கும். இவர் நிதானமாக ஏரிக்குப் போய்த் தலை முழுகினார். ஒரு புதுப் பானையைக் கரையில் போட்டு உடைத்தார். ஈர வேட்டியோடு வந்து, “எனக்குப் புள்ளை ஒண்ணுதான், இனிமே யாரும் ரெண்டுன்னு சொல்லக் கூடாது” என்றார். ஊரே அவரை ரோஷக்காரர் என்று சொன்னது. நான் அடுப்படியில் இருந்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசை வந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் மூன்று இலை. மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, சின்ன வயசில் கிணற்றில் விழுந்து செத்த இவருடைய அண்ணனுக்கு ஒன்று. அன்றைக்கு இவர் நாலாவதாக ஒரு இலையைக் கழுவிப் போட்டார். அதன் தலைமாட்டில் ஒரு பாவாடைத் துணி, சட்டைத் துணி, வளையல், சீப்பு, கண்ணாடி என்று வரிசையாக வைத்தார். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணுக்கு வைக்கிற சாமான்கள் அவை. வாழ்ந்து செத்தவளுக்கு என்றால் புடவை வைப்பார்கள்.

“யாருக்குங்க இது?” என்று கேட்டேன்.

“அஞ்சலைக்கு.”

“அது உசுரோட இருக்குதுங்க.”

“மலையில எவளோ இருப்பா. எம்பொண்ணு செத்துட்டா. சோத்தை எடுத்தாந்து போடு.”

அடுப்படிக்குள் போனேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் செத்தவர்கள் வருவார்கள் என்று நம்பித்தானே கூப்பிடுகிறோம்? உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கற்பூரம் காட்டி, செத்தவர்கள் வரிசையில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டால் எது வரும்? அவள் உயிர்தான் வரும். எனக்கு அப்படித்தான் பட்டது. அதைத் தடுக்க எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நாலாவது இலைக்கென்று தட்டில் எடுத்த சோற்றில், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். மாமனார் மாமியார் சோற்றில் கை வைக்கவில்லை, அவர்கள் பாடு நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகட்டும். அவள் சோற்றில் மட்டும் வாய் வைத்தேன். இது உனக்குச் சேராதுடி, நீ சாகவில்லை, நீ இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே விழுங்கினேன்.

இவர் கற்பூரம் காட்டி நாலு பேரையும் கூப்பிட்டார். கூரை மேல் நாலு உருண்டை வைத்தார். காக்காய் நாலையும் தின்றுவிட்டுப் போனது. காக்காய்க்கு என்ன தெரியும், அது பசிக்குத் தின்கிறது. நான் உள்ளே நின்று சிரித்துக்கொண்டேன். என் பெண்ணை அவர் ஒன்றும் செய்துவிட முடியாது என்று எனக்கு அவ்வளவு தைரியம் வந்துவிட்டது.

அப்படியே எட்டு வருஷம் ஓடியது. நடுவில் பிச்சைமுத்துவுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் ரங்கம்மாள் வந்தாள். சுத்தபத்தம் பார்க்கிறவள், அவள் கண்ணில் மண்ணைத் தூவுவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒரு வருஷம் பிடித்தே விட்டாள்.

“அத்தை, வாயில இன்னா?”

“வெத்தலைடி.”

“இன்னிக்கு வெத்தலை கூடப் போடக் கூடாதுங்களே அத்தை.”

“மறந்துட்டேன் போடி” என்று சொல்லிக் கொல்லைக்குப் போய்த் துப்புகிற மாதிரி பாவனை செய்தேன். ஒரு பருக்கையைக்கூடத் துப்பவில்லை. துப்பிவிட்டால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

வருஷா வருஷம் வைத்த பாவாடைத் துணிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. படைத்த துணியை யாராவது ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துக் கட்டச் சொல்வார்கள். எங்கள் வீட்டுத் துணியை யாரும் வாங்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். எந்தத் தாய் தன் பெண்ணுக்கு அதை வாங்கிக் கட்டுவாள்? எல்லாம் டிரங்குப் பெட்டியில் மக்கிக்கொண்டிருந்தன.

நான் ஏன் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் வெள்ளிமலை, அங்கேதான் அவள் இருந்தாள். அது என்ன கப்பலில் போகிற தூரமா? “நீ மலை ஏறினா அஞ்சாவது எலை போட்டுடுவேன்” என்று அவர் சொல்லியிருந்தார். பயம்தான். ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். எனக்கும் ரோஷம் இருந்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? அவள் இறங்கி வந்து பேசட்டும் என்று இருந்தேன். அவளும் நான் ஏறி வரட்டும் என்று இருந்திருப்பாள். என் வயிற்றில் பிறந்தவள், என் பிடிவாதம் அவளுக்கு இல்லாமல் போகுமா?

அவளைப் பற்றி எனக்குச் சேதி கொண்டு வருகிறவள் இருசம்மாள். எங்கள் நிலத்தில் களை எடுக்க வருவாள். கச்சிராயபாளையம் சந்தையில் அஞ்சலையைப் பார்ப்பாள். அவள் புளி கொண்டு வந்து விற்றாள், இளைத்திருக்கிறாள், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, ஆனால் அந்த ஆள் நன்றாக வைத்துக்கொள்கிறான் என்று வரப்பில் குனிந்தபடியே சொல்லுவாள். நான் காது கேட்காத மாதிரி நிற்பேன். இரண்டாம் வருஷமோ என்னவோ, ஒரு நாள் சொன்னாள்.

“அமாவாசைக்கு எங்கூட்ல இன்னா பண்ணாங்கன்னு கேட்டுதும்மா. உனக்கும் ஒரு எலை போடறாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி, உன் வாயைத் தைக்கணும். அதைப் போய் அதுங்கிட்ட சொல்லுவியா?”

“கேட்டுது, சொன்னேன். அது அழுவலம்மா. சிரிச்சுது.”

சிரித்தாளாம். திமிரில் சிரித்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. இருபது நாள் பாயோடு பாயாகக் கிடந்தேன். அந்த இருபது நாளுக்குள்தான் அமாவாசை வந்து விழுந்தது. ரங்கம்மாள் விடியக்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் துணியோடு ஆக்கினாள். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, “நாலாவது எலைக்கு எடுக்கறல்ல, அதுல ஒரு வாய் எனக்குக் குடுடி” என்றேன்.

“படைச்சப்புறம் தரேன் அத்தை. பசிக்குதா? கஞ்சி குடிக்கிறீங்களா?”

“கஞ்சி வோணாம். அந்தச் சோத்துலதான் ஒரு வாய்.”

ஜுரத்தில் உளறுகிறேன் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் அப்பா பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார், அண்ணன் பேரைச் சொன்னார். கடைசியில் அஞ்சலை, வந்து சாப்பிடும்மா என்றார். யாரும் வாய் வைக்காத சுத்தமான சோறு அவளுக்கு முதல் தடவையாகப் போனது.

அடுத்த ஆனி மாதம் அவளைப் பாம்பு கடித்தது. கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாளாம். கட்டுவிரியன். கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. இருசம்மாள் பன்னிரண்டு நாள் கழித்துச் சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவளே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு உடனே அந்தச் சோறுதான் ஞாபகம் வந்தது. எட்டு வருஷம் காப்பாற்றினேன், ஒரு வருஷம் விட்டேன், போய்விட்டாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

அவர் அப்போது மோட்டார் கொட்டகையில் இருந்தார். பிச்சைமுத்து போய்ச் சொன்னான். “அதான் எப்பவோ ஆயிடுச்சே” என்று சொன்னாராம். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வயலை நிரப்பி, வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எழுந்து நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

மறுபடியும் புரட்டாசி வந்தது. அமாவாசைக்கு முதல் நாள் கடைத்தெருவுக்குப் போய் வந்தவர் பையை என்னிடம் கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, கற்பூரம், அடியில் ஒரு பாவாடைத் துணி. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆங்காரம்.

“இன்னாது இது?”

“எப்பவும் வைக்கறதுதான.”

“ஒன்பது வருஷம் ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா வாழ்ந்திருக்கா. ஆக்கிப் போட்டிருக்கா, காடு கழனின்னு ஒழைச்சிருக்கா. தாலியோட போயிருக்கா. அவளுக்கு நீ பாவாடை வைப்பியாய்யா?”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ரங்கம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

“கொரலைக் கம்மி பண்ணு” என்றார்.

“கம்மி பண்ணிக் கம்மி பண்ணித்தான் இந்தக் கெதி. உசுரோட இருந்தப்ப செத்துட்டான்னு போட்ட. இப்ப நெசமாவே செத்துட்டா. இப்ப இன்னா போடுவ? சொல்லு, இப்ப இன்னா போடுவ?”

அவர் அந்தத் துணியை எடுத்து மடித்தார், மறுபடியும் பிரித்து மடித்தார். நாலாக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்தார். எனக்கு இரக்கம் வந்தது. வரக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

“இங்க அவளுக்கு எலை வோணாம். நான் நாளைக்கு மலைக்குப் போறேன். அவளை வெச்ச எடத்துல போட்டுட்டு வரேன். பெத்தவ கையால ஒரு வேளை சோறு, சுத்தமா, ஒழுங்கா, அவ்ளோதான் எனக்கு வோணும். நீ அஞ்சாவது எலை போடு, ஆறாவது எலை போடு.”

அவர் மடித்த துணியைப் பைக்குள் திருப்பிப் போட்டார். பிறகு, “ரெண்டு மணிக்கு மேல மலையில மழை வரும். சீக்கிரம் ஏறிட்டு எறங்கிடு” என்றார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

வீட்டுப் படையலை ரங்கம்மாளிடம் விட்டுவிட்டு, விடியும் முன்னே எழுந்து கொல்லையில் தனியாகக் கல் கூட்டி அடுப்பு வைத்தேன். மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு, உளுந்து வடை, பச்சரிசிச் சோறு, வெல்லப் பாயசம். எல்லாம் அவளுக்குப் பிடித்தது. வடை மாவு விரலில் ஒட்டினால்கூடத் தண்ணீரில் கழுவினேன். எட்டு வருஷம் திருட்டுத்தனமாகத் தின்ற வாய் அல்லவா, பழக்கத்தில் எங்கே கை வாய்க்குப் போய்விடுமோ என்று முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டே ஆக்கினேன். தூக்கில் அடுக்கி, வாழை இலை நறுக்கி, அரக்குக் கலரில் ஒரு புதுப் புடவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறியது. தூக்கு மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “இன்னாம்மா, வடை வாசனை தூக்குது?” என்றாள். செத்தவளுக்கு என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அவள் தள்ளி உட்கார்ந்ததில் தப்பில்லை, நான் சொன்ன தோரணை அப்படி. எனக்கு வேறு பயம். சடையன் என்னை வாசலிலேயே நிறுத்தி, உசுரோட இருந்தப்ப வராதவ இப்ப எதுக்கு வந்த என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? கேட்க வேண்டிய கேள்விதான். வழியெல்லாம் யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வெள்ளிமலையில் இறங்கி, வழி கேட்டு அரை மணி நேரம் நடந்தேன். ஓலை வீடு. வாசலில் ஒருத்தன் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். இந்த ஒன்பது வருஷமும் நான் மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த ராட்சசன் அவன் இல்லை. ஒல்லியாக இருந்தான், அந்த வயசிலேயே காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

“வாங்கம்மா” என்றான். யார் என்று கேட்கவில்லை. அவள் முகம் என் முகம்தான்.

“அவளுக்கு ஒரு எலை போடணும்பா. போட வுடுவியா?”

“இன்னிக்கு அமாவாசைங்க. தெரியுமுங்க” என்றான். தூக்கை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை. அதை அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. முன்னால் நடந்தான்.

நிலத்தின் ஓரத்தில் ஒரு பலா மரம். அதன் கீழே ஓர் ஆள் நீளத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. என் மகள் அங்கே இருந்தாள். பெருக்கித் தண்ணீர் தெளித்து இலை போட்டேன். தலைமாட்டில் புடவை வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்தேன். சோறு, குழம்பு, வடை, பாயசம் என்று எல்லாவற்றையும் பரிமாறிக் கற்பூரம் ஏற்றினேன். இத்தனை வருஷமும் வராதே வராதே என்று சொன்னவள், இந்த ஒரு தடவை முழு மனசோடு கூப்பிட்டேன். அஞ்சலை, வாடி, அம்மா வந்திருக்கேன், வந்து சாப்பிடு என்றேன். தண்ணீர் சுற்றிக் கும்பிட்டேன். கற்பூரம் எரிந்து அணைந்தது. சடையன் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

“இந்த நாள்ல அது அடுப்புப் பத்த வெக்காதுங்க” என்றான்.

“யாரு?”

“அதுதாங்க, உங்க பொண்ணு. எங்கம்மா இன்னிக்கு எனக்குச் சோறு போடுதுன்னு சொல்லும். ஏ, அது செத்தவங்களுக்குப் போடற எலை, உன்னை சாவடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்னு நான் கத்துவேன். இருந்தா இன்னா, எங்கம்மா ஆக்கன சோறுதான, வருஷத்துல ஒரு நாளாவது எம்பேரைச் சொல்லிப் போடுதேன்னு சொல்லும்.” கை நீட்டிக் காட்டினான். “அதோ அந்தப் பாறைங்க. அங்கேர்ந்து பார்த்தா உங்க அணைத் தண்ணி தெரியும். காலையில குளிச்சுட்டு அதும்மேல போய்க் குந்திக்கும். இப்ப வடை சுட்டுக்கினு இருக்கும், இப்ப எலை போடும், இப்ப எம்பேரைச் சொல்லும்னு சொல்லிக்கினே இருக்கும். பச்சைத் தண்ணி குடிக்காது. சாயங்காலமா எறங்கி வரும். இன்னா, உங்கம்மா சோறு வந்துச்சான்னு கேப்பேன். இன்னும் பசிக்குதேன்னு சிரிக்கும். அதுக்கப்புறம்தான் ஆக்கும்.”

நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தாள் என்று இருசம்மாள் சொன்னாளே, அந்தச் சிரிப்பு இந்தச் சிரிப்புதான். நான் ஒருத்தி அங்கே சுவர்ப் பக்கம் திரும்பி அவள் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தேன். இவள் இங்கே பட்டினியாக உட்கார்ந்து அணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன வருஷம்?” என்று கேட்டேன்.

“போன வருஷம் மழைங்க. பாறைக்குப் போவல, வூட்டுக்குள்ளயேதான் இருந்துச்சு. சாயங்காலம் ஆக்கலாம்னு பார்த்தா, பசிக்கலன்னு சொல்லிப் படுத்துக்கிச்சு. மழைக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்குமுங்க.”

அதற்கு மேல் என்னால் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். எதற்காக வாய் வைத்தேன், எத்தனை வருஷம் வைத்தேன், எந்த வருஷம் விட்டேன். “எட்டு வருஷம் எம்புள்ளையைப் பட்டினி போட்டேன்பா. ஒரு வருஷம் சோறு போச்சு, அந்தச் சோறு அவளைக் கூட்டிக்கினு போயிடுச்சு. ரெண்டுத்தையும் பண்ணது நான்தான்” என்று தலையில் அடித்துக்கொண்டேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு தண்டனையா? எதைச் செய்திருந்தால் சரி என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியவில்லை.

சடையன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. செதில் செதிலாகப் பலா மரத்துப் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“அதைக் கடிச்சது பாம்புங்க” என்றான். “சோறு இல்லீங்க.”

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அது திங்காத நாள்ல நானும் திங்க மாட்டேன். இன்னிக்கும் காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. எனக்கும் ஒரு எலை போடுங்க அத்தை.”

அத்தை என்று அவன் சொன்னதை நான் கேட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதைக் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இப்போது அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இன்னொரு இலையைப் போட்டுத் தூக்கில் மிச்சம் இருந்ததைப் பரிமாறினேன். எங்கள் வீட்டுச் சோற்றை அவன் உட்கார்ந்து தின்பது அதுதான் முதல் தடவை. அந்தத் தை மாதம் முழுக்க எங்கள் கரும்பை வெட்டியவன், கூழைக்கூட நின்றுகொண்டே குடித்தவன்.

ஒரு வாய் போட்டான். மென்றான். அடுத்த வாய்க்குக் கை கொஞ்சம் தயங்கியது. தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தின்ன ஆரம்பித்தான்.

“இன்னாப்பா?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“சொல்லுப்பா.”

“உப்பு கொஞ்சம் கம்மிங்க. அவ்ளோதான்.”

தூக்கில் விரல் விட்டு நாக்கில் வைத்தேன். கம்மி இல்லை. குழம்பில் உப்பே இல்லை, சோற்றிலும் இல்லை, வடையிலும் இல்லை. வாயைக் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவி, வாய் படக் கூடாது வாய் படக் கூடாது என்ற ஒரே நினைப்பில், எதிலுமே ஒரு கல் உப்புப் போடாமல் ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வாய் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சடையன் எழுந்து வீட்டுக்கு ஓடினான். உள்ளங்கையில் உப்பு அள்ளிக்கொண்டு வந்தான். தன் இலைக்குப் போகவில்லை. நேராக அவள் இலைக்குப் போய், குழம்பு ஊற்றிய சோற்றின் மேல் தூவினான். இன்னும் கொஞ்சம் தூவினான்.

“அது உப்பு ஜாஸ்தி திங்குங்க” என்றான்.

கற்பூரம் அணைந்துவிட்டால் வந்தவர்கள் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இலையில் எதைப் போட்டாலும் சேராது. மலைக்காரர்கள் பழக்கத்தில் அது இருக்கிறதோ இல்லையோ, நான் அவனிடம் சொல்லவில்லை. உட்கார்ந்து, அவன் தூவிய உப்பு எல்லாப் பக்கமும் படுகிற மாதிரி அவள் சோற்றைப் பிசைந்து வைத்தேன்.